இரண்டு தாலந்து பெற்றவன்



ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் வாரங்களில், ஞாயிறு பூசை முடிந்ததும் தாய்மார் பலர் பிள்ளைகளைக் கையிற் பிடித்தபடி வந்து நிற்பர். பேனாவையும் பென்சிலையும் நீட்டி, "சுவாமி, ஒருக்கா மந்திரிச்சுத் தாங்கோ" என்பர். நானும் மகிழ்ச்சியோடு ஆசீர்வதித்து அனுப்புவேன். ஆனால் பெறுபேறு வெளிவந்தபின், அப்பிள்ளைகளில் சிலரே மீண்டும் என்னைத் தேடி வருவர். மற்றவர்கள் எங்கே போயினர்?

அவர்களில் ஒருவனை நான் கண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், பெறுபேறு வெளியான நாளின் மாலைப்பொழுது. செபமாலைக்கு இன்னும் நேரமிருந்தது. மாதா பீடத்தருகே ஒரு சிறுவன் தனியே குந்தியிருந்தான். வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளிகள் குறைவு. என்னைக் கண்டதும், "சுவாமி, அம்மா காலமை துடக்கம் என்னோட கதைக்கேல்லை. மாதாவுக்கும் என்னில கோவமோ?" என்று கேட்டான்.

இறையியல் கற்ற எனக்கு அக்கணம் நா எழவில்லை. தலையைத் தடவி, வீடுவரை கூட்டிச் சென்று விட்டேன். அவனுக்கு அன்று சொல்லாத மறுமொழியை இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நியாயமானதைச் சொல்லிவிடுவோம். இப்பரீட்சை தீய நோக்கத்தோடு தோன்றியதன்று. இந்நாட்டில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதற்காக உழைத்த கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் காலத்தில் கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. திறமையிருந்தும் வசதியற்ற பிள்ளைகள் அங்கே சென்று கற்க வழி திறப்பதே புலமைப்பரிசிலின் கருத்து. கடற்றொழிலாளியின் மகளும் கூலித் தொழிலாளியின் மகனும் பெரிய பாடசாலையில் கால்வைக்க இது ஏணியாயிற்று. வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உதவிப்பணமும் கிடைக்கிறது. ஏணியை உதைத்துத் தள்ளுமாறு நான் சொல்லவில்லை.

பெற்றோரின் ஏக்கத்தையும் நான் அறிவேன். 1970களில் வந்த தரப்படுத்தலால், புள்ளிகள் இருந்தும் பல்கலைக்கழகக் கதவு அடைபடக் கண்ட தலைமுறை நம்மிடையே உண்டு. போர்க்காலத்தில் வீட்டையும் வள்ளத்தையும் விட்டு ஓடியபோதும், பிள்ளைகளின் அத்தாட்சிப் பத்திரங்களைப் பொலித்தீன் பையிற் சுற்றி நெஞ்சோடு அணைத்துச் சென்றவர்கள் நாம். கல்வி ஒன்றே எவராலும் பறிக்க முடியாத சொத்து என்பது நமக்குப் பட்டறிவு தந்த பாடம். அந்தப் பாடம் பொய்யன்று.

ஆயினும், அந்தப் பயத்தின் முழுப் பாரத்தையும் பத்து வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றுவது நீதியாகுமா?

இரண்டு வினாத்தாள்கள்; மொத்தம் 200 புள்ளிகள்; ஒரே நாட் காலை. நாடெங்கும் ஆண்டுதோறும் சுமார் மூன்று இலட்சம் பிள்ளைகள் இதற்குத் தோற்றுகின்றனர். இதற்காக மூன்றாம் தரத்திலேயே ரியூசன் தொடங்குகிறது. விளையாட்டு நிற்கிறது, அம்மம்மாவின் கதை நிற்கிறது, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஐந்தாம் தரத்து வாங்குகள் வெறுமையாகின்றன. 2024ஆம் ஆண்டு வினாக்கள் சில முன்கூட்டியே வெளியான விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. சிறுவரின் பரீட்சைக்காக வளர்ந்தோர் இவ்வளவு தூரம் போவார்களாயின், நோய் பிள்ளைகளிடத்தில் இல்லை என்பது தெளிவன்றோ?

வெட்டுப்புள்ளி என்பது என்ன? இருக்கின்ற இடங்களுக்கு ஏற்பக் கீறப்படும் கோடு. அது மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி பெற்றவனும், கீழே ஒரு புள்ளி பெற்றவனும் அறிவில் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒருவனுக்கு மாலை, மற்றவனுக்கு மௌனம்! பிள்ளையின் உண்மையையும் இரக்கத்தையும் பொறுமையையும் எந்த வினாத்தாளும் அளப்பதில்லை.

மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எசமான் ஒருவனுக்கு ஐந்து தாலந்தும், இன்னொருவனுக்கு இரண்டும், வேறொருவனுக்கு ஒன்றும் கொடுக்கிறார். அவரவர் திறமைக்கேற்பவே கொடுக்கிறார். திரும்பி வந்து கணக்குக் கேட்கையில், ஐந்தைப் பத்தாக்கியவனைப் பாராட்டுகிறார். பின்பு இரண்டை நான்காக்கியவன் வருகிறான். அவனிடம், "உன் தோழன் பத்துக் கொண்டு வந்தானே" என்று எசமான் கேட்டாரா? இல்லை. முதலாமவனுக்குச் சொன்ன அதே பாராட்டையே இரண்டாமவனுக்கும் சொல்கிறார். அதே மகிழ்ச்சிக்குள் அவனையும் அழைக்கிறார். ஆண்டவரின் கணக்கில் வெட்டுப்புள்ளி கிடையாது. கொடுத்ததற்கு உண்மையாய் இருந்தானா என்பதே அங்கே கேள்வி.

மூன்றாமவனையும் மறக்க வேண்டாம். எசமான் அவனைச் சோம்பேறி என்று கண்டித்தது உண்மையே. ஆனால் அவன் தன் தாலந்தை ஏன் புதைத்தான்? எசமான் கடுமையானவர் என எண்ணி அஞ்சியதாக அவனே சொல்கிறான். அச்சம் தாலந்தைப் புதைக்கிறது. பெற்றோரின் முகத்தைக் கண்டு நடுங்கும் பிள்ளையும் அதையே செய்கிறான். "எனக்குப் படிப்பு வராது" என்று பத்து வயதில் மண்ணைத் தோண்டுகிறான். அந்த மண்வெட்டியை அவன் கையிற் கொடுத்தது யார்?

குருமடத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்ட ஒரு வரலாறு உண்டு. பிரான்சு நாட்டின் உழவர் குடும்பத்து இளைஞர் ஜோன் மரிய வியானி. இலத்தீன் மொழி அவருக்கு எளிதில் வரவில்லை; குருமடப் பரீட்சையில் தவறினார். பாலே என்ற பங்குக்குரு அவரைக் கைவிடாது, பொறுமையோடு கற்பித்துத் துணைநின்றார். 1815இல் அவர் குருவானார். ஆர்ஸ் என்னும் சிற்றூரில் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் பெருங்கூட்டம் திரண்டது. 1925இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டு, பங்குக் குருக்களின் பாதுகாவலராக விளங்குகிறார். பரீட்சையில் தவறியவரே எங்களுக்குப் பாதுகாவலர்! அவருக்கொரு பாலே சுவாமியார் கிடைத்தார். உங்கள் பிள்ளைக்கு அந்தப் பாலே நீங்களே.

எனவே பெற்றோரே, பிள்ளையைப் படிக்கச் செய்யுங்கள், பரீட்சைக்கும் அனுப்புங்கள். ஆனால் இரவில் உறங்க விடுங்கள். மாலையில் ஓடியாட விடுங்கள். ஞாயிற்றை ஆண்டவருக்கும் வீட்டாருக்கும் விடுங்கள். அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியை உங்கள் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். பெறுபேறு வரும் நாளில் என்ன சமைப்பது என்பதை முன்னரே தீர்மானியுங்கள். எத்தனை புள்ளி வந்தாலும் அதையே சமைத்து ஒன்றாக இருந்து உண்ணுங்கள்.

குற்றம் உங்களிடம் மாத்திரம் இல்லை. சித்தியடைந்தோருக்குப் பங்கிலே பாராட்டு விழா எடுத்தோம்; இப்பத்திரிகையிலும் அவர்கள் படங்களைப் போட்டு மகிழ்ந்தோம். மற்றப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை எப்படிப் பார்த்திருப்பர் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. இனிமேல் எங்கள் பங்கில், பரீட்சை எழுதிய பிள்ளைகள் அனைவரையும் பெறுபேறு வருமுன்னரே பீடத்தின் முன் அழைத்து நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுப்போம்.

அந்தச் சிறுவன் இன்று வளர்ந்துவிட்டான். இதை வாசிப்பானோ அறியேன். வாசித்தால், தம்பி, உனக்கான மறுமொழி இதுதான்: மாதாவுக்கு உன்னில் கோபமே இல்லை. அன்று உன் அம்மாவுக்கும் கோபமில்லை, பயம். அந்தப் பயத்திலிருந்து எங்கள் வீடுகளை மீட்டருளுமாறு ஆண்டவரை மன்றாடுவோம்.