பாரம் என்று யார் சொன்னது?

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் கையில் இரண்டு பெரிய ஊசி.

இத்தனையும் தாங்குகிறாய். வீட்டுக்கு வந்ததும், "எப்படி இருக்கு?" என்று கேட்டால் மட்டும் "ஒண்ணுமில்லை" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாய்!

ஏன்?

"இவங்களுக்கெல்லாம் நான் பாரம்." இதுதானே உன் பதில்?

யார் சொன்னார்கள்? விடிகாலை ஷிப்டுக்கு உன்னோடு பஸ் ஏறி வந்து, வராந்தாவில் காத்துக் கிடக்கிறாரே உன் துணை, அவர் சொன்னாரா? உனக்கு நீயே எழுதிக்கொண்ட தீர்ப்பு அது!

ஊசி ஏற்றுவதற்காகக் கையில் ஃபிஸ்டுலா போட்ட இடம், தொட்டால் விர்ரென்று அதிரும். உன் பிள்ளை ஆசையாக விரலை நீட்டியது. நீ சட்டைக் கையை இழுத்து மூடினாய். அதன் பிறகு பிள்ளை விரலை நீட்டவே இல்லை.

"என் சுபாவமே அப்படி. மனசு விட்டுப் பேச வராது."

இதையும் ஏற்க மாட்டேன்! மே மாத வெயிலிலும் தண்ணீரை அளந்து குடிக்கிறாயே, அது பிறவிச் சுபாவமா? இளநீர் வண்டியைக் கண்டும் காணாமல் நடக்கிறாயே, அது?

கற்றுக்கொண்டாய்! நாக்கை அடக்கக் கற்ற உனக்கு, அதே நாக்கால் நாலு வார்த்தை பேச வராதா?

பேசினால் சிறுநீரகம் திரும்ப வேலை செய்யுமா? செய்யாது. அந்தப் பொய்யை நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதைக் கேள். 2010-இல் ஹோல்ட் லன்ஸ்டட் குழுவினர் 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். உறவுகள் வலுவாக இருந்தவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம்!

அதையா சுவர்ப் பக்கம் திரும்பி உதறுகிறாய்?

தலை சுற்றினால் நர்ஸிடம் சொல்கிறாய். ராத்திரி தூங்காமல் அழுவதையும் சொல்! டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் மனச்சோர்வு பரவலாக உண்டு. அதற்கும் சிகிச்சை உண்டு. வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?

நீ அடுத்தவருக்கும் துணையாகலாம். 1987-இல் குலிக், மாலர் என்ற இருவர் பைபாஸ் அறுவைக்குக் காத்திருந்தவர்களைக் கவனித்தார்கள். அறுவை முடிந்த ஒருவரோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்குப் பயம் குறைந்தது. தங்கள் அறுவைக்குப் பிறகு அதிகம் நடந்தார்கள், சீக்கிரம் வீடு திரும்பினார்கள்.

டயாலிசிஸ் அறையில் உன் பக்கத்துப் படுக்கையைப் பார். ஊசியைக் கண்டு வெளிறிப் போய் ஒருவர் கிடக்கிறார். அவருக்கு இதுதான் முதல் தடவை.

நீயா பாரம்? திரும்பு! அவரிடம் பேசு! "நானும் இப்படித்தான் பயந்தேன்" என்று சொல்!