வேண்டாத ஃபைல் என்று யார் சொன்னது?

பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் வீட்டு அறையையே ஸ்டூடியோவாக்கிப் பாட்டு பதிகிற தம்பி தங்கைகளே, இன்று இரவு டிஸ்க்கைச் சுத்தம் செய்யலாம் என்று உட்கார்ந்திருந்தால் தயவுசெய்து கொஞ்சம் கையை எடுங்கள்.

இடம் போதாது, தெரியும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரே மைக்கில் ஒரு நிமிடம் பதிந்தாலே ஏறக்குறைய 8.6 மெகாபைட். உறுமி மேளத்துக்கு எட்டு மைக் வைத்து ஒரு மணி நேரம் பதிந்தால் 4 ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். அதில் பாதி டேக் பாட்டில் சேராது. நடுராத்திரியில் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று சிவப்புக் கோடு காட்டும்போது, பயன்படாத ஃபைல்களை நீக்கும் கட்டளை வரமாகத் தெரியும்.

ஆனால் மென்பொருளுக்கு உங்கள் பாட்டு தெரியாது. இப்போது திறந்திருக்கும் புரோஜெக்ட்டில் இல்லாததையெல்லாம் அது ‘பயன்படாதது’ என்றுதான் சொல்லும். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் ஒரு பாட்டின் முழு வடிவமும், கல்யாண வீடியோவுக்காக வெட்டிய சின்ன வடிவமும் ஒரே ஃபோல்டரில் இருக்கின்றன என்று வையுங்கள். சின்னதைத் திறந்துகொண்டு சுத்தம் செய்தால், முழுப் பாட்டின் சரணமும் நீக்கும் பட்டியலில் வந்து நிற்கும். படிக்காமல் தட்டினால் போச்சு. மறுமுறை முழுப் பாட்டைத் திறக்கும்போது குரல் இருந்த இடத்தில் அலையே இல்லாமல் வெறும் கட்டம் மட்டும் கிடக்கும். அந்த வெறும் கட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். பாடியவர் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய ஒரு பாட்டி. இப்போது அவர் இல்லை.

முதலில் ஃபோல்டரை முழுசாக வேறு டிஸ்க்கில் பிரதியெடுங்கள். அந்த டிஸ்க்கை இன்னொரு கணினியில் செருகித் திறந்து கேளுங்கள். அதே கணினியில் திறந்தால் பழைய ஃபைலையே எடுத்து ஒலித்து உங்களை ஏமாற்றக்கூடும். அதற்குப் பிறகுதான் சுத்தம். பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். கியூபேஸ் முதலில் குப்பைத்தொட்டியில் போட வழி தருகிறது. ஆர்டோர் தனி ஃபோல்டருக்கு ஒதுக்குகிறது. பாட்டு வெளிவரும்வரை அங்கேயே கிடக்கட்டும். புரோ டூல்ஸில் டிலீட் கொடுத்தால் அதைத் திரும்பப் பெற முடியாது, நினைவிருக்கட்டும்.

பிரதி வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் மூழ்கியதை மறந்துவிட்டோமா? வெள்ளம் மட்டுமா? 1998இல் பிக்ஸாரில் ஒரு தவறான கட்டளை ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் பெரும்பகுதியை அழித்தது. அலுவலகக் காப்புப் பிரதியும் கைகொடுக்கவில்லை. ஓர் ஊழியரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது.

இடம் அவ்வளவு அவசரம் என்றால் நாளைக் காலை லோ யாட் கணினிக் கடைகளுக்குப் போய் ஒரு டிஸ்க் வாங்குங்கள். அதுவரை அந்தக் கட்டளையைத் தொடாதீர்கள்.