ஷாட்டரி வீட்டின் கூரை

இங்கிலாந்தில் ஸ்ட்ராட்ஃபோர்டை அடுத்த ஷாட்டரி கிராமத்தில், மகாகவி ஷேக்ஸ்பியரின் பத்தினியான ஆன் ஹாத்தவே வளர்ந்த வீட்டைக் காண யாத்திரிகர் திரள்கின்றனர். அவர்கள் காண்பது அந்த வீட்டையேதானா என்னும் வினா தத்துவ சாஸ்திரத்தின் பழைய வினாக்களுள் ஒன்று.

கல் அடித்தளத்தின்மேல் வளைந்த ஓக் மரங்களை இணையிணையாகச் சாய்த்து நிறுத்தி, 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அவ்வீட்டை, ஆனின் சகோதரர் பார்த்தலோமியூ 1610இல் விலைக்கு வாங்கி விரிவுபடுத்தினார். மரச்சட்டங்களின் இடைவெளிகளில் சில இடத்தில் மண்பூச்சும் சில இடத்தில் செங்கல்லும் உள்ளன; புகைபோக்கிகளும் செங்கல்லே. எல்லாவற்றிலும் அதிகமாக மாறுவது கூரை. செங்குத்தாய்ச் சரியும் வைக்கோலில் மழைநீர் ஒரு தாளிலிருந்து மறுதாளுக்கு வழிந்து இறவாரத்தில் சொட்டுவதால் மேற்புறம் மட்டுமே நனைகிறது. நனையும் பகுதி நாளடைவில் மக்குகிறது. ஆயினும் வேய்பவன் பழையதை முழுவதும் உரித்தெறிவதில்லை. நைந்ததை மட்டும் களைந்து, உறுதியான அடிவைக்கோலின்மேல் புதியதைப் பரப்பி, ஹேசல் மிலாறுகளை வளைத்துச் செருகி இறுக்குகிறான். டெவன்ஷயரின் சில வீடுகளில் இடைக்கால அடுப்புப் புகை கரியாய்ப் படிந்த அடிவைக்கோல் இன்றளவும் உள்ளது.

துகள்கள் யாவும் மாறினும் ஒரே ஜீவன் தொடர்ந்து இயங்குவதால் ஓக் மரம் அதே மரமாகிறது என்று தத்துவஞானி ஜான் லாக் 1694இல் எழுதினார். மரத்துக்குப் பொருந்தும் இந்த நியாயம், தனக்கென உயிரில்லாத வீட்டுக்கு எவ்வாறு பொருந்தும்? வீட்டின் ஜீவன் இரவலாக வந்தது என்பதே என் துணிபு: ஒழுகுமிடத்தைக் கண்டு உடனே அடைக்கும் கைகளிடமிருந்தும், அவை ஓய்ந்தபின் அக்கடமையைச் சுமக்கும் அடுத்த தலைமுறையிடமிருந்தும் அது வருகிறது. பழமையை மீட்கிறோமென்று சுரண்டிப் புதுக்குவதைக் கண்டித்து, இடைவிடாத பராமரிப்பையே வேண்டி 1877இல் ஒரு சங்கம் நிறுவிய வில்லியம் மாரிஸும் இதனை உணர்ந்திருந்தார் என்றே கருதுகிறேன்.

1892இல் ஷேக்ஸ்பியர் அறக்கட்டளை ஷாட்டரி வீட்டை வாங்கியது. அதன்பின் அது காட்சிப்பொருளாகிவிட்டது என்று வருந்துவோர் உண்டு. அடுப்பு அணைந்தது மெய், அக்கறை அணையவில்லை. 1969இல் தீயினால் சேதமுற்ற பகுதியைச் செப்பனிட்டு மீண்டும் வேய்ந்தவர்கள் வேறொரு வீட்டைக் கட்டவில்லை. ஹாத்தவே குடும்பத்தின் வீட்டைத்தான் காத்தனர்.