பாட வராதவனின் பாட்டு

யப்பானிய நகரமொன்றிலே, வேலை முடிந்த இரவில், ஒரு சிறு அறை. ஒரே கந்தோரில் வேலை செய்யும் ஏழெட்டுப் பேர் அங்கே கூடியிருக்கின்றனர். ஒலிவாங்கி கைமாறி வருகின்றது. அண்மையிலே வேலையிற் சேர்ந்த இளைஞன் ஒருவன் பாட்டுப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பாட வராது; சுரம் அவனிடத்தில் நில்லாது. இத்தகையோரைச் சுட்ட அந்நாட்டு மொழியில் 'ஒன்ச்சி' என்றொரு சொல் உண்டு. ஒலியில் மூடன் என்று அதற்குப் பொருள் கூறலாம். தன் முறை வருமுன் அவன் தேடுவது தனக்குப் பிடித்த பாட்டையன்று. தன்னைக் காட்டிக்கொடுக்காத பாட்டை.

பாட வராதவர்க்கு ஏற்ற இலகுவான பாட்டு எது என்னும் வினா யப்பானிலே அன்றாடம் எழுவது. பொழுதுபோக்குப் பற்றிய அற்ப விடயமென இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால், சற்று ஊன்றி நோக்கின் இதனடியில் இன்னொரு வினா கிடப்பது புலனாகும். பாட்டு யாருக்கு உரியது? பயின்றவனுக்கு மட்டுமா, வாய் படைத்த எல்லோர்க்குமா? அந்த இளைஞன் எளிய பாட்டொன்றைத் தெரிந்தெடுப்பானாயின், அது ஏமாற்றா, அடக்கமா, அல்லது அவனுடைய உரிமையா?

இதற்கு விடை காண, கரோக்கே பிறந்த கதையை அறிதல் நன்று. 'கர' என்றால் வெறுமை. 'ஒக்கே' என்பது வாத்தியக் குழுவைக் குறிக்கும் மேனாட்டுச் சொல்லின் குறுக்கம். பாடகனுக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்ட வாத்திய இசை என்று இதனை விரிக்கலாம். 1967இல் டோக்கியோவிலே நெகிஷி ஷிகெயிச்சி என்பவர் இத்தகைய கருவியொன்றைச் செய்தார். சிறு தொழிற்சாலை நடத்திய அவர் பாட்டு முணுமுணுத்ததைக் கேட்டு அங்கு வேலை செய்த ஒருவர் கேலி செய்தாராம். பின்னால் இசையும் ஒலித்தால் தம் குரலும் இனிக்குமே என்ற எண்ணத்திலே பிறந்தது அக்கருவி.

1971இல் கோபே நகரில் இனோவே டைசுக்கே தாமாகவே இதே வழிக்கு வந்து சேர்ந்தார். மதுச்சாலைகளில் வாடிக்கையாளர் பாடும்போது வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர் அவர். வாடிக்கையாளரான கம்பனி முதலாளி ஒருவர், வெந்நீரூற்றுப் பயணமொன்றுக்குத் தம்முடன் வருமாறு அழைத்தார். போக இயலாத இனோவே, அம்மனிதரின் குரலுக்கும் நடைக்கும் இசைய வாசித்து, ஒலிநாடாவிற் பதிந்து கொடுத்தனுப்பினார். பின்னர், காசு போட்டால் இயங்கும் பதினொரு பெட்டிகளைச் செய்து மதுச்சாலைகளுக்கு வாடகைக்கு விட்டார். அவற்றுக்குக் காப்புரிமை பெறவில்லை. மனிதர் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் புதுவழி காட்டினார் என்று கூறி, 'இக் நோபல்' என்னும் நகைச்சுவைப் பரிசுகளில் சமாதானத்துக்குரியதை 2004இல் அவருக்கு வழங்கினர். நகைப்புக்காகச் சொல்லப்பட்டதாயினும் அதிலே மெய்யுண்டு. பாட வராதவனுக்காக இசை வளைந்து கொடுத்ததில் பிறந்தது இக்கருவி. அவனையே அதன் முன் நாணி நிற்கவைப்பது அதன் பிறப்புக்கே முரணானது.

இனி, எளிய பாட்டின் இலக்கணம் யாது? பாட வராதவர் எனப்படுவோரில் சுரபேதத்தைக் கேட்டுணரவே இயலாதவர் மிகச் சிலர். ஏனையோர் தம் பிழையைத் தாமே கேட்கின்றனர். குரல்தான் சொன்னபடி நடப்பதில்லை. பயிற்சியற்ற குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயிக்குள்ளேயே இயல்பாக உலவும். ஆதலால், கீழ்ச் சுரத்துக்கும் மேற் சுரத்துக்கும் இடைத்தூரம் குறைந்த பாட்டு வேண்டும். அது தாவாமல் படிப்படியாக நடக்கவேண்டும்; மூச்சு வாங்க இடந்தரவேண்டும். மெதுவான பாட்டெல்லாம் இலகுவானதென்று கொள்ளுதல் தவறு. 'என்கா' எனப்படும் பாட்டுவகை பெரும்பாலும் ஆறுதலாகவே செல்லும். ஆனால், 'கொபுஷி' என்ற குரல் நெளிவு, நமது கமகத்தைப் போன்று, பயிலாதவனைக் கவிழ்த்துவிடும். மிசோரா ஹிபாரி 1989இல் வெளியிட்ட 'கவா நோ நகரே நோ யோ நி' தாழ்ந்த குரலில் அமைதியாகத் தொடங்குகின்றது. அதை நம்பிப் புகுந்தவன், பாட்டு மேலே ஏறும் இடத்தில் வழியறியாது நின்றுவிடுவான்.

சகமோட்டோ கியூ 1961இல் பாடிய 'உவே ஓ முயித்தே அருக்கோ' வேறு விதமானது. 1963இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற யப்பானியப் பாட்டு அது. அதன் மெட்டின் பெரும்பகுதி மத்திமமும் நிஷாதமும் நீங்கிய ஐந்து சுரங்களில் நடப்பது. நமது மோகன இராகத்தின் சுரங்களும் அவையே. அரைச்சுர இடைவெளிகள் இல்லாமையால் தவறி விழவும் இடம் குறைவு. குரல் கைவிட்டால் சீட்டியடிக்கவும் பாட்டிலேயே இடமுண்டு. தனியே நடக்கும் மனிதனின் துயரைச் சொல்லும் அப்பாட்டை, 1960இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கைக்கு எதிராக எழுந்த போராட்டம் தோற்ற சோர்விலே எய் ரொக்குசுக்கே எழுதினார் என்பர். யோஷி இக்குசோவின் 'ஓரா டோக்கியோ சா இகுதா' (1984) பெரிதும் பேச்சாகவே செல்வது. வடபுலத்துக் கிராமத்தான் ஒருவன் தன் ஊரில் இல்லாதனவற்றை அடுக்கிச் சலித்து, டோக்கியோவுக்குப் புறப்படுகின்றான். சுரம் வராதவனும் தாளத்தைப் பிடித்துக்கொண்டு இதனைப் பாடிவிடலாம். புளூ ஹார்ட்ஸ் குழுவினரின் 'லிண்டா லிண்டா' (1987) சாக்கடை எலியின் அழகைப் போற்றித் தொடங்குவது. பல்லவியிலே மனம் விட்டுக் கூவினாற் போதும். தனித்தவனையும் கிராமத்தானையும் சாக்கடை எலியையும் பற்றிய பாட்டுக்கள் பாட வராதவனுக்கும் கைகொடுப்பது தற்செயலாயிருக்கலாம். ஆயினும் மனதுக்கு ஆறுதல் தருவது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். கலை சாதகத்தால் வருவது. வராதவன் முயன்று கற்கட்டும், அன்றேல் வாய் மூடிக் கேட்கட்டும். எளியதைத் தேடிப் போதல் முயலாமைக்கு முடிசூட்டுவதாகும் என்பர். சாதகத்தின் பெருமையை நாம் மறுக்கவில்லை. மேடையேறிக் கூலி பெற்றுப் பாடுபவனிடம் தரத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால், தோழர் நடுவே பாடுபவன் நமக்கு எதையும் விற்கவில்லை. யப்பானிய வயல்களில் நாற்று நட்டவர்கள் பாடிய பாட்டு, நன்றாகப் பாடுவோர்க்கென்று பிறந்ததன்று. முதுகு வளைந்தோர் அனைவர்க்குமாகப் பிறந்தது. மேலும், தன் குரலின் எல்லையறிந்து பாட்டைத் தெரிபவன் தன்னைத் தானே அறிந்தவனாகின்றான். உடனிருப்போரின் செவிக்கும் மதிப்பளிக்கின்றான். இதனை ஏமாற்று என்பது எவ்வாறு பொருந்தும்?

எனினும், எளிய பாட்டைக் கண்டுபிடிக்கும் பாரம் முழுவதையும் அவன் தலையிலேயே ஏற்றிவிடுதல் நீதியாகாது. கரோக்கேக்கு முந்திய காலத்தை எண்ணிப் பார்ப்போம். 1948இல் செக்கி அக்கிக்கோ என்ற பெண்மணியின் தலைமையில் டோக்கியோவிலே மத்திய பாடற்குழு தோன்றியது. அதிலிருந்து 'உத்தாகோயே' என்னும் பாட்டியக்கம் ஆலைகளிலும் வேலைத்தலங்களிலும் பரவிற்று. 1950களில் ஷின்ஜுக்கு முதலிய இடங்களில் பாட்டுத் தேநீர்ச்சாலைகள் எழுந்தன. அக்கோர்டியன் ஒலிக்க, சிறு பாட்டுப்புத்தகத்தைக் கையிலேந்தி, முன்பின் அறியாத மாணவரும் தொழிலாளரும் ரஷ்ய நாட்டுப் பாடல்களையும் தம் நாட்டுப் பாடல்களையும் சேர்ந்து பாடினர். அங்கே சுரம் தப்பியவனைப் பிரித்துக் காண எவராலும் இயலாது. கூட்டத்தின் குரல் அவனையும் சுமந்து சென்றது.

கரோக்கே அக்கூட்டத்தைக் கலைத்து, ஒலிவாங்கியை ஒருவன் கையிற் கொடுத்தது. 1980களில் ஒக்காயமாவிலே பழைய சரக்குக் கொள்கலன்கள் பாட்டறைகளாக்கப்பட்டன. அதன்பின் நாடெங்கும் சிறு அறைகள் பெருகின. பாடுவோனின் சுரத்தை அளந்து நூற்றுக்கு இத்தனை என்று புள்ளியிடும் கருவியும் வந்தது. பரீட்சையிலே வளர்ந்து, பகலெல்லாம் போட்டியிலே உழன்றவன், இளைப்பாற வந்த இடத்திலும் பரீட்சைக்கு ஆளாகின்றான். அதனிலும் கொடியது மேலதிகாரியின் கட்டளை. அவர் சுரம் தப்பிப் பாடினும் கைதட்டு. கீழுள்ளவன் தப்பினால் நகைப்பு. விருப்பமில்லாதவனை வற்புறுத்திப் பாடவைக்கும் இத்துன்புறுத்தலுக்குக் 'கராஹரா' என்று அங்கு பெயரே இட்டுவிட்டனர். சம்பளம் கொடுப்பவன் உழைப்பை வாங்கலாம். வெட்கத்தை வாங்க அவனுக்கு உரிமையில்லை. பாடும் உரிமையைப் போன்றே பாடாதிருக்கும் உரிமையும் மனிதனுக்கு உண்டு.

ஆகவே, பாட வராதவனுக்கு ஏற்ற பாட்டு எது என்று நம்மை எவரேனும் கேட்டால், சுரத்தை மட்டும் எண்ணி விடை கூறோம். உடனிருப்போர் அறிந்த பாட்டைத் தேர்க. பல்லவியிலே பிறர் சேரக்கூடிய பாட்டைத் தேர்க என்போம். உடனிருப்போர்க்கும் ஒரு சொல் உண்டு: புள்ளியிடும் கருவியை நிறுத்திவிடுங்கள், அவன் குரல் தளரும் இடத்தில் உங்கள் குரலைக் கொடுங்கள்.

அந்தச் சிறு அறைக்கு மீள்வோம். இளைஞன் ஒரு பழைய பாட்டைத் தெரிந்துவிட்டான். சுருதியைக் குறைக்கும் பொத்தானை இருமுறை அழுத்துகின்றான். முதலடி நடுங்குகின்றது, இரண்டாமடி பிசகுகின்றது. பக்கத்திலிருக்கும் மூத்த எழுதுவினைஞர், தம் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒலிவாங்கி இல்லாமலே அவனுடன் சேர்ந்து பாடத் தொடங்குகிறார்.