கசிவை முதலில் பார்ப்பவர்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களில் கசிவை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் கண்மாய்த் தண்ணீரைக் கவனிக்கும் நீர்பாய்ச்சி அல்ல. ஆடு மேய்க்கிற பையனோ, புல்லறுக்கப் போன பெண்ணோ பார்ப்பார்கள். கோடையில் வெடித்துக் கிடந்த கரிசல் கரையில் நண்டு வளையும் எலி வளையும் இருக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறியதும் அவற்றின் வழியே விரல் கனத்துக்கு ஒழுகும். அப்போதே தெரிந்தால் நாலு கூடை மண்ணோடு முடிந்துவிடும். விட்டால் ராத்திரிக்குள் கரை உடைப்பெடுக்கும். கரையைச் சுற்றி வருவது நீர்பாய்ச்சியின் வேலையில் பாதிதான். அந்தப் பையன் பயப்படாமல் ஓடிவந்து சொல்லக்கூடிய மனிதராக இருப்பது மீதிப் பாதி.

நிறுவனங்களின் தகவல் பாதுகாப்பைக் கவனிப்பது என் தொழில். அருப்புக்கோட்டைத் தறிச்சத்தத்துக்கு நடுவில் படித்து, சென்னையில் ஒரு ஹெல்ப் டெஸ்க்கில் சேர்ந்து, நெட்வொர்க், தணிக்கை என்று நகர்ந்து இந்தப் பொறுப்புக்கு வந்தேன். கருவிகள் எத்தனையோ மாறிவிட்டன. கெட்ட செய்தி என்னிடம் எவ்வளவு சீக்கிரம் வந்து சேரும் என்ற கவலை மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தப் பதவியே ஒரு திருட்டுக்குப் பிறகு பிறந்தது. 1994இல் விளாதிமிர் லெவின் என்பவர் ரஷ்யாவில் இருந்தபடியே சிட்டி பேங்க்கின் கணினிகளுக்குள் புகுந்து, ஒரு கோடி டாலருக்கு மேல் கடத்தப் பார்த்தார். மறு வருடம் அந்த வங்கி ஸ்டீவ் கட்ஸைப் பணியில் அமர்த்தியது. உலகின் முதல் தகவல் பாதுகாப்புத் தலைமை அதிகாரி என்று அவரைத்தான் சொல்வார்கள்.

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் பணப் பரிமாற்றங்களை அச்சிடும் பிரிண்டர் ஓடவில்லை. வழக்கமான கோளாறு என்று விட்டுவிட்டார்கள். அதற்குள் நியூயார்க்கில் அந்த வங்கிக்கு இருந்த கணக்கிலிருந்து 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போயிருந்தது. அதைவிட என்னை வருத்துவது அடுத்து நடந்தது. விஷயம் தெரிந்த பிறகும் வங்கியின் கவர்னர் நிதியமைச்சரிடம் சொல்லவில்லை. அமைச்சர் பத்திரிகைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். மார்ச்சில் கவர்னர் பதவி விலகினார்.

இரண்டு வருடம் கழித்து, 2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் அதே வகைத் திருட்டு நடந்தது. மூன்று போலிப் பரிமாற்றங்கள், கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர். கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும்போது அது பிடிபட்டது. ஒரு பரிமாற்றத்தைத் தடுக்க முடிந்தது. நடந்ததை வங்கி வெளிப்படையாக அறிவித்தது. ஒப்பிட்டுப் பார்த்த அந்த ஊழியர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அலுப்பூட்டும் வேலையை ஒழுங்காகச் செய்து, கண்ணில் பட்டதை மேலே சொன்னார்கள்.

மறைத்தவர்களின் கதையும் இருக்கிறது. ஊபரில் 2016இல் 5.7 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவன் ஒரு காலத்தில் அரசு வழக்கறிஞராக இருந்தவர். திருடியவர்களுக்கு 1 லட்சம் டாலர் போனது. அப்போது செய்தி வெளியே வரவில்லை. 2022இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. தகவல் களவு போனதற்காக அல்ல, அதை மறைத்ததற்காக.

இந்தியாவில் 2022 ஏப்ரலில், கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது: ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண், போலி மின்னஞ்சலில் இருந்த லிங்க்கைத் தொட்டுவிட்டு, திட்டு விழுமே என்று சாயங்காலம் வரை வாய் திறக்கவில்லை என்றால், அந்த 6 மணி நேரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ரிசர்வ் வங்கி 2023இல் சொன்ன ஒரு விதி எனக்குப் பிடிக்கும். வங்கியின் தகவல் பாதுகாப்புத் தலைவர் கணினித் துறைத் தலைவருக்குக் கீழே நேரடியாக வேலை செய்யக்கூடாது. வியாபார இலக்கும் அவர் தலையில் இருக்கக்கூடாது. கண்மாயிலும் இதே நியாயம்தான். பல கண்மாய்களில் நீர்பாய்ச்சிக்கு ஆயக்கட்டில் சொந்த நிலம் இருந்ததில்லை. அறுவடையில் நெல்தான் கூலி. எந்த மடையைத் திறந்தாலும் தனக்கென்று லாபம் இல்லாததால் அவர் பேச்சு எடுபட்டது. அந்த ஏற்பாட்டில் நிலம் மறுத்த சாதி அநியாயமும் கலந்திருந்தது. அதை விட்டுவிட்டுப் பெருமை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

நான் நடத்தும் போலி மின்னஞ்சல் சோதனைகளில் ஏமாந்தவர்களின் பெயரை யாரிடமும் காட்டுவதில்லை. எத்தனை பேர் உடனே தெரிவித்தார்கள் என்பதை மட்டும் இயக்குநர்களிடம் வைக்கிறேன். தண்டனை இல்லாவிட்டால் கவனம் வராது என்று சிலர் வாதாடுவார்கள். தெரிந்தே மறைத்தால் நானும் கடுமையாகத்தான் இருக்கிறேன். ஏமாந்தது குற்றமென்றால், அடுத்த முறை ஏமாந்தவர் வாயே திறக்க மாட்டார்.

ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர எந்தச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கேட்கிறார்கள். சிஐஎஸ்எஸ்பி நல்லதுதான், படியுங்கள் என்கிறேன். ஆனால் முதல் வேலை ஹெல்ப் டெஸ்க்கில் கிடைத்தால் குறைவாக நினைக்காதீர்கள், தம்பி. தப்பு செய்துவிட்டோமோ என்று பயந்தவர் போனில் எப்படிச் சுற்றி வளைத்துப் பேசுவார், அவரை எப்படி ஆசுவாசப்படுத்தி விஷயத்தை வாங்குவது என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தால்தான் பழகும்.