இருட்டைப் பங்கிட்டவர்கள்

2012ஆம் ஆண்டில் தமிழ்நாடு இருட்டைப் பங்கு போட்டது. சென்னைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். மற்ற மாவட்டங்களுக்கு அறிவிப்பில் நான்கு மணி நேரம். நடப்பில் எட்டு, பத்து. ஆண்டின் பிற்பகுதியில் பதினான்கு மணி நேரம் வரை போனது, சில ஊர்களில் பதினாறு. நாமக்கல், சேலம் பக்கத்துக்காரர்கள் யாரும் அதை மறந்திருக்க முடியாது. பள்ளிபாளையத்தில் தறி நின்றது, ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைகளில் அரைக்க வேண்டிய குச்சிக்கிழங்கு காத்துக் கிடந்தது, நாமக்கல்லின் லாரி பாடி பட்டறைகளில் வெல்டிங் வேலை நின்றது.

இன்றைக்கும் அந்த நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தால், மழை பொய்த்த ஆண்டைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுகிறோம். அப்போது காலம் அப்படி இருந்தது, என்ன செய்வது என்கிறோம். இந்த மனநிலையோடுதான் எனக்குச் சண்டை. மின்சாரம் தானாகப் போவதில்லை. மேலிடத்து உத்தரவு வருகிறது, துணைமின்நிலையத்தில் ஒரு பணியாளர் ஒரு பீடரை, அதாவது ஒரு பகுதிக்குப் போகும் மின்பாதையை, நிறுத்துகிறார். எந்தப் பீடரை நிறுத்துவது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவுகள். தலைவிதியை மறுத்துப் பேசிய மண் இது. 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது சேலத்து மாநாட்டில்தான். அந்த மண்ணில் நின்றுகொண்டு, ஒரு அலுவலக உத்தரவை விதி என்று ஏற்றுக்கொண்டோம்.

பற்றாக்குறை பொய் என்று நான் சொல்லவில்லை. தேவைக்கும் இருப்புக்கும் இடையில் ஏறத்தாழ 4,000 மெகாவாட் இடைவெளி இருந்தது. அதற்கும் காரணங்கள் உண்டு. தேவை ஏறிக்கொண்டே போன ஆண்டுகளில் புதிய மின்நிலையங்கள் காலத்தில் எழவில்லை. 2003க்குப் பிறகு 2010 வரை கட்டணத்தைத் தொடவே எந்த ஆட்சிக்கும் துணிவில்லை. வாரியம் கடனில் மூழ்கியது. காற்றாலை மின்சாரம் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கொட்டும், மற்ற மாதங்களில் வற்றும். வடக்கிலிருந்து வேண்டிய அளவு வாங்கலாம் என்றால் அதற்கான கம்பிப் பாதை இல்லை. தென்னகத் தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு ராய்ச்சூர்–சோலாப்பூர் வழியாக இணைந்ததே 2013 டிசம்பர் 31இல்தான். இவை எல்லாம் பற்றாக்குறை ஏன் வந்தது என்பதைச் சொல்லும். அந்தப் பற்றாக்குறையை யார் தலையில் இறக்குவது என்று எப்படி முடிவு செய்தோம் என்பதைச் சொல்லாது. என் கேள்வி அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றியது.

சென்னைக்கு ஏன் இரண்டு மணி நேரம்? தலைநகர், பெரிய மருத்துவமனைகள், கணினி நிறுவனங்கள் என்று காரணம் சொன்னார்கள். மருத்துவமனைக்குத் தடையில்லா மின்சாரம் கொடுக்க வேண்டியதுதான். ராசிபுரத்து மருத்துவமனைக்கும் அதே நியாயம் உண்டு. ஆனால் சென்னையில் காப்பாற்றப்பட்டவை மருத்துவமனைகள் மட்டும்தானா? வீட்டு விசிறியும் குளிர்சாதனமும் கடைத்தெருவின் விளம்பரப் பலகையும் அந்தச் சலுகைக்குள் வந்தன. அங்கே ஒருவர் புழுக்கமில்லாமல் தூங்குவதற்காக இங்கே ஒருவரின் கூலி போனது. மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. மேட்டூர் அனல் மின்நிலையத்தின் அன்றைய 840 மெகாவாட்டும் அங்கேதான் பிறந்தது. அதன் புகையும் சாம்பலும் எங்கள் பங்கு. வெளிச்சத்தில் மட்டும் பங்கு குறைந்தது. சென்னைக்கும் அதே அளவு வெட்டு வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள், குரல் ஓங்கவில்லை. தலைநகரில் இருட்டு வந்தால்தான் கோட்டைக்கு உறைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் வரவிடவில்லை.

இதுவரை படித்த நாமக்கல்காரர் தலையாட்டியிருப்பார். இனிச் சொல்லப்போவதற்கும் ஆட்டுவாரா என்று பார்க்கிறேன்.

சென்னை நமக்குச் செய்ததை நாம் நமக்குள்ளேயே செய்துகொண்டோம். முட்டைக்கோழிக்கு ஒரு நாளில் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும்; குறைந்தால் முட்டை குறையும். ஆகவே கரண்ட் இல்லாத இரவுகளில் வசதியுள்ள பண்ணைகளில் டீசல் ஜெனரேட்டர் ஓடியது. பண்ணைக்காரர் மேல் எனக்குக் குறை இல்லை, அது அவர் பிழைப்பு. மாணவர்களை மதிப்பெண்ணுக்காக வளர்க்கும் தனியார் விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போன மாவட்டமும் நாமக்கல்தான். அங்கேயும் ஜெனரேட்டர் ஓடியது. மோகனூர்ப் பக்கத்திலோ சேந்தமங்கலம் பக்கத்திலோ அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்த பிள்ளை மண்ணெண்ணெய் விளக்கில், மெழுகுவத்தியில் படித்தது. மார்ச் மாதம் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள். மே மாதம் முடிவு வந்ததும், நன்றாகப் படித்த பிள்ளைகள் என்று யாரைப் பாராட்டினோம்? கோழிக்குக் கிடைத்த வெளிச்சம்கூடக் கிடைக்காத பிள்ளையை, சரியாகப் படிக்கவில்லை என்று அதன் வீட்டிலேயே திட்டினார்கள். அந்தப் பிள்ளையும் அதை நம்பியிருக்கும். மின்வெட்டு செய்த கொடுமைகளில் இதை நான் முதலில் வைக்கிறேன். தொழில் நட்டத்துக்காவது சங்கம் இருந்தது, மனு கொடுத்தது. அந்த மதிப்பெண்ணுக்காக யாரும் மனு கொடுக்கவில்லை.

தறித்தொழிலாளிக்கு மீட்டர் கணக்கில் கூலி. தறி ஓடாத நேரத்துக்குக் காசு இல்லை. நள்ளிரவில் கரண்ட் வந்தால் நள்ளிரவில் எழுந்து வர வேண்டும், ஒரு மணி நேரத்தில் போய்விட்டால் தறியோரமே படுத்துக் காத்திருக்க வேண்டும். காத்திருந்த நேரமும் அவர் உழைப்பு நேரம்தான் என்று எந்தக் கூலி ஒப்பந்தமும் சொல்லவில்லை. வாங்கிய முன்பணம் கழியாமல் கூடியது. வசதி உள்ள நடுத்தர வீடோ இன்வெர்ட்டர் வாங்கியது. இன்வெர்ட்டர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. கரண்ட் வரும் ஒரு மணி நேரத்தில் அதே கம்பியிலிருந்து இழுத்துச் சேமிக்கிறது, சேமிப்பதில் கொஞ்சத்தை வீணாக்கவும் செய்கிறது. நம் வீட்டு வெளிச்சம் அடுத்த தெருவின் பற்றாக்குறையைக் கூட்டியது. நமக்கு விளக்கு எரிந்த அன்றே நம் கோபம் அணைந்துவிட்டது. பேசத் தெரிந்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போராட்டத்திலிருந்து விலகிக்கொண்டோம்.

விவசாய மின்சாரத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கை முடிக்க முடியாது. இங்கே அதைத் தொட்டால் அடி விழும் என்பதும் தெரியும். 1970இல் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். நாராயணசாமி நாயுடு கட்டிய விவசாயிகள் சங்கம் அந்த நியாயத்துக்காகவே வளர்ந்தது. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. விவசாயிக்கு உதவக்கூடாது என்று சொல்பவன் நான் அல்லன். உதவி எந்த அளவுகோலில் போகிறது என்று கேட்கிறேன். மோட்டாரின் குதிரைத்திறன்தான் அந்த அளவுகோல். ஆயிரம் அடிக்கும் கீழே போர் போட்டு 15 எச்.பி. மோட்டார் இறக்கியவருக்கு அதிக இலவசம். அந்தப் போர் உறிஞ்சியதால் கிணறு வற்றிய பக்கத்துத் தோட்டத்துச் சிறு விவசாயிக்குக் குறைந்த இலவசம். இருவரின் காட்டிலும் களை எடுக்கும் நிலமற்ற பெண்ணுக்கு, நெடுங்காலம், குடிசைக்கு ஒரு விளக்கு. 15 எச்.பி. என்பது ஏறத்தாழ 11,200 வாட். 40 வாட் குண்டு பல்பு 280 எரியும் அளவு. நிலம் யார் கையில் இருக்கும் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர்கள் இவை. எனவே இலவச மின்சாரமும் பெருமளவு சாதி வழியாகவே பாய்கிறது. இதைச் சொன்னால் விவசாயிகளின் எதிரி என்பார்கள். பெருமாநல்லூரில் செத்தவர்கள் ஒரு பைசாவுக்குக் கணக்குக் கேட்டவர்கள். கணக்கே கூடாது என்றவர்கள் அல்லர்.

மீட்டர் வைக்க வேண்டும் என்றாலே காசு பிடுங்கத்தான் என்று பயப்படுகிறோம். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், மீட்டர் இல்லாமல் யாருக்கும் மின்சாரம் வழங்கக்கூடாது என்கிறது. இலவசமாகக் கொடுத்துக்கொண்டே அளக்கலாம். அளக்காததால், கம்பியில் கசிந்ததும் கொக்கி போட்டுத் திருடியதும் விவசாயி தலையில் எழுதப்படுகின்றன. உண்மையான சிறு விவசாயிக்கு மீட்டரைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ரெண்டு பேஸ் கரண்ட்டில் கண்டன்சர் போட்டு மோட்டார் ஓட்டி, டிரான்ஸ்பார்மர் எரிந்தபின் ஊரே இருட்டில் உட்கார்ந்திருக்கையில், அதைச் செய்தவர் யார் என்று ஊருக்குத் தெரியும். யாரும் கேட்க மாட்டார்கள்.

கேட்பதற்குரிய இடத்தில் கேட்காத பழக்கம் பெரிய அநீதிகளுக்கும் துணைபோனது. 2012இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரை மக்கள் நின்றபோது, நமக்கு இருட்டு, இவர்களுக்கு என்ன போராட்டம் என்று இங்கே டீக்கடையில் பேசினோம். அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் இரு பக்கமும் வாதம் உண்டு. ஆனால் தன் கடலுக்காகப் பயந்த மீனவப் பெண்ணின் பயத்தைக் கேட்கும் பொறுமைகூட நமக்கு இல்லை. நம் இருட்டுக்குக் காரணமானவர்கள் மேல் போக வேண்டிய கோபத்தை, அவளைவிட வலியவர்கள் அவள் மேல் திருப்பிவிட்டார்கள். நாமும் திரும்பினோம். அந்த மின்நிலையத்தின் முதல் உலை தொகுப்போடு இணைந்தது 2013 அக்டோபரில். வணிக உற்பத்தி தொடங்கியது 2014 டிசம்பர் கடைசி நாளில். நம் மிக இருண்ட மாதங்களுக்கு அது உதவவில்லை.

இலங்கையில் 2022இல் 13 மணி நேர வெட்டு வந்தது. அங்கே ஊர்களைக் குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழுவுக்கு எப்போது என்று அட்டவணை வெளியிட்டார்கள். அதையும் மீறி மக்கள் வீதிக்கு வந்தார்கள், ஆட்சி மாறியது. நாமும் 2011இல் ஆட்சியை மாற்றினோம். அடுத்து வந்த ஆட்சியில் இருட்டு கூடியது. ஆட்சியை மாற்றிய நாம் கேள்வியை மாற்றவில்லை. 2021 ஜூனில், கம்பியில் அணில் ஓடுவதாலும் மின்தடை வருகிறது என்று அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி சொன்னதும் மாநிலமே சிரித்தது. அணிலால் தடை வருவது உண்மை. மாதக்கணக்கில் பராமரிப்பு நடக்கவில்லை என்று அவர் கூடவே சொன்னாரே, அதனால் எந்தப் பீடரில், எத்தனை முறை, எத்தனை நிமிடம் மின்சாரம் நின்றது என்ற பதிவேட்டை அன்று எத்தனை பேர் கேட்டோம்? சிரிப்பதோடு விட்டுவிட்டோம்.

ஊர்த் திருவிழா நாளில் கரண்ட் போகக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் மின்வாரிய அலுவலகத்துக்குப் போகிறார்கள், காரியம் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் நடக்கும் இரவுக்காக அதே கூட்டம் போனதை நான் பார்த்ததில்லை. கல்லுக்கு வெளிச்சம் கேட்கத் தெரிந்த வாய்க்குத் தாய்க்கும் கேட்கத் தெரியும்.

கேட்க வழியும் இருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2004ஆம் ஆண்டு விதிகள், தடைபட்ட மின்சாரத்தைக் குறித்த நேரத்துக்குள் சீர்செய்யாவிட்டால் நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கின்றன. 2020 டிசம்பரில் ஒன்றிய அரசு அறிவித்த மின் நுகர்வோர் உரிமை விதிகளும் இழப்பீட்டை உரிமையாகச் சொல்கின்றன. தொகை சிறியது, ஆனால் ஒவ்வொரு விண்ணப்பமும் அலுவலகத்தை ஒரு பதில் எழுத வைக்கும். அடுத்த முறை உங்கள் தெருவில் நீண்ட நேரம் கரண்ட் போனால், பிரிவு அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பம் கொடுங்கள். உங்கள் வீட்டுக்கு மட்டும் எழுதாதீர்கள். எழுதத் தெரியாத தறிக்காரருக்கும், குடிசை வீட்டுக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.