மதம் என்ற கட்டம்

2011 மார்ச்சில் என் மகளுக்கு ஐந்து வாரம். அந்த மாதம்தான் டொனால்ட் டிரம்ப் ஒரு பேட்டியில் சொன்னார்: ஒபாமா தன் பிறப்புச் சான்றிதழைக் காட்டத் தயங்குகிறாரே, ஒருவேளை அதில் மதம் என்ற இடத்தில் முஸ்லிம் என்று இருக்கலாம்.

நியூஜெர்சி மருத்துவமனையில் மகளின் பிறப்புப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான். தாயின் படிப்பு, இனம், நாங்கள் பிறந்த நாடு எல்லாம் கேட்டிருந்தார்கள். மதத்தைக் கேட்கவில்லை. படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்து அவளுடைய வலது காதில் தொழுகை அழைப்பான பாங்கை மெல்லச் சொன்னேன். காயல்பட்டினத்தில் என் வாப்பா எனக்குச் சொன்னது போலவே. அதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவு கிடையாது.

ஏப்ரல் 27 அன்று வெள்ளை மாளிகை ஒபாமாவின் முழுச் சான்றிதழையும் வெளியிட்டது. வரி வரியாகப் படித்தேன். 1961 ஆகஸ்ட் 4, மாலை 7:24, ஹொனலூலு, கபியோலானி மகப்பேறு மருத்துவமனை. தந்தைக்கு வயது 25, பிறந்தது கென்யா, தொழில் மாணவர். தாய்க்கு வயது 18, பிறந்தது கான்சஸின் விச்சிட்டா. மதத்துக்கு அதில் கட்டமே இல்லை.

இல்லாத கட்டத்தில் டிரம்ப் போன்றவர்கள் எழுதிப் பார்த்த சொல் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒபாமா வேறு நாட்டில் பிறந்தார் என்று கிளப்பியவர்களாவது சட்டத்தைக் காட்டினார்கள். அதிபர் பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்று அரசமைப்பு சொல்கிறது. மதத்துக்கு அந்தச் சாக்கும் இல்லை. எந்தப் பதவிக்கும் மதச் சோதனை கூடாது என்பது அதே அரசமைப்பின் 6ஆம் பிரிவு. பிறகு எப்படி, மறைக்க வேண்டிய கறையாக நம் பெயர் ஆனது?

ஒருவருடைய மதம் பிறப்பிலேயே எழுதப்பட்டுவிடுகிறதா என்பது எங்கள் மார்க்கத்துக்குள்ளேயே பழைய கேள்வி. குழந்தைகள் எல்லாரும் ஃபித்ரா என்ற தூய இயல்போடு பிறக்கிறார்கள் என்று படித்து வளர்ந்தவன் நான். பெற்றோரின் மார்க்கத்தில் பிள்ளையைச் சேர்க்கும் ஃபிக்ஹு என்ற மார்க்கச் சட்டங்களும் உண்டு. அவை வாரிசுரிமைக்கும் அடக்கம் செய்வதற்கும் வேண்டிய ஏற்பாடுகள். ஈமான் என்ற நம்பிக்கை வேறு. அது பருவமடைந்த மனிதன் நிய்யத்தோடு, அதாவது தன் மனத்தின் எண்ணத்தோடு, ஏற்றுக்கொள்வது. நான் சொன்ன பாங்கு என் மகளுக்கு ஓர் அழைப்பு மட்டுமே. பதிலை அவள்தான் ஒரு நாள் சொல்ல வேண்டும்.

ஒபாமாவின் வாழ்க்கையில் மதம் என்ற கட்டமுள்ள காகிதம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. சிறுவனாக ஜகார்த்தாவில் அவர் படித்த பிரான்சிஸ் அசிசி பள்ளியின் பதிவேடு. அதில் இஸ்லாம் என்றே எழுதியிருக்கிறது. வளர்ப்புத் தந்தை முஸ்லிம். பிள்ளையின் கட்டத்திலும் அதுவே வந்தது. பள்ளியோ கத்தோலிக்கப் பள்ளி. அந்தப் பையனின் மனசில் என்ன இருந்தது என்று எழுதியவருக்கு எப்படித் தெரியும்? வளர்ந்து ஆளான பிறகு சிகாகோவின் டிரினிட்டி சபையில் தானே விரும்பி ஞானஸ்நானம் பெற்றார். அவர் எடுத்த வழி என் வழியல்ல. ஆனாலும் நிய்யத்தோடு எடுத்த வழி. அவருடைய மதம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

2010இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது அமெரிக்கர்களில் 18 சதவீதம் பேர் அவரை முஸ்லிம் என்றார்கள். அவருக்காகப் பேசியவர்களோ, இல்லை, அவர் கிறிஸ்தவர் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். உண்மைதான். ஆனால் பழிச்சொல்லை மறுப்பது போல அதைச் சொன்னபோது எனக்கு வலித்தது.

காலின் பவல் அப்படி நிறுத்தவில்லை. 2008 அக்டோபரில், குடியரசுக் கட்சிக்காரரான அவர் தொலைக்காட்சியில், ஒபாமா கிறிஸ்தவர்தான் என்று சொல்லிவிட்டு, முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன என்று கேட்டார். ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் மகனின் நடுகல்லில் தலை சாய்த்திருக்கும் ஒரு தாயின் புகைப்படத்தைப் பற்றிப் பேசினார். ஈராக்கில் இறந்த அந்தப் படைவீரனுக்கு வயது 20. கல்லில் பிறையும் நட்சத்திரமும். அவன் நியூஜெர்சிப் பையன்.

சான்றிதழ் வெளியான அன்று இரவு, மகளை மடியில் வைத்துக்கொண்டு பவலின் அந்தப் பேட்டியைத் தேடி எடுத்து மறுபடி பார்த்தேன். அவள் தூங்கிவிட்டாள். நான் கடைசி வரை பார்த்தேன்.